தாஸ்காவில் 'கட்டுமானமும் வண்டிகளும்': மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இரண்டு வாரத் திட்டம் எப்படிப் போடுவது?

செந்தூல் மலர்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள ஒரு தாஸ்காவுக்கான, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கான, கேள்வி. பிள்ளைகள் 12 பேர். ஐந்து பேருக்கு 15 முதல் 22 மாதம். மற்ற ஏழு பேரும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள், மூத்த பிள்ளைக்கு 34 மாதம். பார்த்துக்கொள்ள மூன்று பேர். அறை ஐந்துக்கு ஏழு மீட்டர் இருக்கும், டைல்ஸ் தரை. முன்னால் கூரை போட்ட போர்ச், ஒரு கார் நிற்கும் அளவு.

அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு 'கட்டுமானமும் வண்டிகளும்' என்று தலைப்பு. செலவுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்). இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது, திங்கள் கார், செவ்வாய் லோரி, புதன் கிரேன் என்று நாளுக்கொரு வண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டுவது, ஒரு பாட்டு. எழுதி முடித்துப் பார்த்தால் மனசுக்கு ஒப்பவில்லை. சின்னதுகள் பசை டப்பாவைத்தான் பார்க்கும், லோரியைப் பார்க்காது.

தெரிய வேண்டியவை: எந்த மாதிரி கட்டைகள், எத்தனை? வாயில் வைக்கும் வயதில் மணல் கொடுக்கலாமா? ஒரு பெற்றோர் பழைய டயர் நான்கு தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? ஒரு லோரிக்கு ஐந்து பேர் அடித்துக்கொள்வதை எப்படிச் சமாளிப்பது?

பட்டர்வொர்த் அக்கா

மலர், படம் ஒட்டுவதை முதலில் எடுத்துவிடுங்கள். வெட்டுவதும் டீச்சர், பசை தடவுவதும் டீச்சர், பிள்ளை கடைசியில் ஒரு விரலை அழுத்தும். அது வீட்டுக்கு அனுப்புவதற்கான காகிதம், விளையாட்டு இல்லை.

வண்டியின் பெயரை வைத்து நாளைப் பிரிக்காதீர்கள், வேலையை வைத்துப் பிரியுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு லோரிக்கும் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை. ஏற்றுவது, கொட்டுவது, தள்ளுவது, உருட்டிவிடுவது, அடுக்குவது, இடிப்பது, கழுவுவது, இவைதான் அதற்குப் பெரிய விஷயம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூலை. ஒரே நேரத்தில் மூன்று மூலைகளுக்கு மேல் வேண்டாம், மூலைக்கு நான்கு பிள்ளைகள், ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் தாஸ்கா சட்டத்தின் கீழ் ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கணக்கு; உங்கள் 12 பேருக்கு மூன்று பேர் சரியாக வருகிறது. ஒருவர் பெம்பர்ஸ் மாற்றப் போனால் தண்ணீர், மணல் மூலைகளை அந்த நேரத்துக்கு மூடிவிட வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூலைகளைத் தினமும் மாற்றாதீர்கள். முதல் நாள் பிள்ளை சுற்றிப் பார்க்கும், இரண்டாம் நாள் தொடும், மூன்றாம் நாள்தான் வேலையில் இறங்கும். அன்றைக்கு எடுத்துவிட்டால் எல்லாம் வீண். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, ஒரு மூலையை மட்டும் மாற்றுங்கள்.

தள்ளும் வண்டிக்குப் பெம்பர்ஸ் அட்டைப்பெட்டி போதும். மேல் மடிப்புகளை உள்பக்கமாக மடித்து டேப் ஒட்டினால் விளிம்பு கையை அறுக்காது. இரும்புப் பின் அடித்திருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பசாரிலிருந்து பழம், காய்கறி வந்த பெட்டி வேண்டவே வேண்டாம், கரப்பான் முட்டையும் கூடவே வரும். முக்கியமானது எடை. காலிப் பெட்டியைப் புதிதாக நடக்கும் பிள்ளை தள்ளினால் பெட்டி முந்திக்கொண்டு ஓடும், பிள்ளை முகம் குப்புற விழும். அடியில் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்து, மேலே ஓர் அட்டையை டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்டி நிதானமாக நகரும்.

ஏற்றுவதற்குக் கனமான சாமானும் வேண்டும். எல்லாமே பஞ்சு போல் இருந்தால் சீக்கிரம் சலித்துவிடும். அரை லிட்டர் தண்ணீர் போத்தலை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினால் அரைக் கிலோ சுமை. பத்துப் போத்தல் செய்து வையுங்கள். அறையின் ஒரு கோடியில் போத்தல், மறு கோடியில் காலித் தொட்டி, நடுவில் தள்ளுவண்டி. அரை மணி நேரம் ஓடும்.

உருட்டுவதற்குச் சரிவுப் பலகை. ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம், ஒரு முனைக்கு 15 செ.மீ. உயரத்தில் முட்டு. 30 செ.மீ.க்கு மேல் உயர்த்தினால் கார் பறக்கும், கீழே குனிந்து பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் போகும். பலகையின் அடியில் ரப்பர் ஷீட் வைக்காவிட்டால் டைல்ஸில் வழுக்கும். கீழ்முனையில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். பலகை ஒன்று மட்டும் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், இந்த வயதில் வரிசை என்பது அழுகை. இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சண்டைக்கு ஒரே மருந்து, ஒரே மாதிரி சாமான். 250 வெள்ளியில் பாதியை, ஒரே அளவு, ஒரே நிறத்தில் ஆறு டிப்பர் லோரிகளுக்குப் போடுங்கள். ஆறு நிறத்தில் வாங்கினால் சிவப்புக்கு மட்டும் அடிதடி நடக்கும். கிரேன், எஸ்கவேட்டர், சிமெண்டு லோரி என்று வகைக்கு ஒன்றாக வாங்கி அழகாக அடுக்கி வைப்பது அலமாரிக்கு நல்லது, அவ்வளவுதான்.

பாட்டை விடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அது செய்வதையே சொல்லுங்கள்: "ஏத்து... ஏத்து... கனமா இருக்கா? கொட்டு! எல்லாம் விழுந்துருச்சு." வினைச்சொல்தான் இங்கே பாடம். வண்டிகளில் அவர்கள் நிஜமாகப் பார்ப்பவற்றைப் பிடியுங்கள். உங்களுக்கு செந்தூல் எல்.ஆர்.டி. ரயில் இருக்கிறது, எங்களுக்கு ஃபெரி. குப்பை லோரி எல்லாருக்கும் உண்டு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துவைத்து, அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்திக் காட்டுங்கள். தூக்கி, கொட்டி, அமுக்கி, கிளம்புவதைப் பார்த்த பிறகு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்காது.

மரக்கட்டை

கட்டைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1930களில் நியூயார்க்கில் ஹேரியட் ஜான்சன் என்ற ஆசிரியை, பிள்ளைகள் கட்டையை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கவனித்து வரிசைப்படுத்தினார். முதலில் வெறுமனே தூக்கிக்கொண்டு திரிவது. பிறகு வரிசையாக வைப்பது, மேலே அடுக்குவது. அதன்பின் இரண்டு கட்டைகளின் மேல் ஒன்றைப் பாலமாக வைப்பது. அப்புறம் நான்கு பக்கமும் அடைப்பது. இன்னும் அந்த வரிசைதான். உங்கள் ஐந்து சின்னதுகளும் முதல் படியில் இருக்கும். அவர்களிடம் கோபுரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம் உங்களுக்குத்தான். கட்டையோடு சேர்த்துத் தூக்குக்கூடை நான்கு கொடுங்கள்.

மரக்கட்டையில் கேரலைன் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை வகுத்த அளவுதான் இன்றும் பொது அளவு. ஒரு கட்டை 14 செ.மீ. நீளம், 7 அகலம், 3.5 தடிப்பு. ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதம் இருப்பதால் எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். நான்கு பிள்ளைகள் ஒரு நேரத்துக்கு விளையாட 60 முதல் 80 கட்டை வேண்டும். முக்கால் பங்கு இந்த ஒரே அளவில் இருக்கட்டும், பத்து மட்டும் இரட்டை நீளம். முக்கோணம், வளைவு இப்போது தேவையில்லை.

ரப்பர் மரத்தில் அறுத்தால் ஒரு கட்டை 200 கிராமுக்குச் சற்று மேல் வரும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளது அதை எறிந்தால் பக்கத்துப் பிள்ளையின் நெற்றி புடைக்கும். எனவே பெரியவர்களுக்கு மரம், சின்னவர்களுக்கு அட்டைச் செங்கல். தளபாடப் பட்டறையில் துண்டு மரம் கேட்டுப் பாருங்கள். 120 நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 240லும் தேய்த்து, விளிம்பையும் மூலையையும் மூன்று மில்லிமீட்டர் உருட்டச் சொல்லுங்கள். வார்னிஷ் வேண்டாம். பிளைவுட் துண்டு தந்தால் வாங்காதீர்கள், ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பிரியும். சரக்குப் பலகைகளை உடைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் முத்திரையைப் பாருங்கள், 'எம்.பி.' என்று இருந்தால் புகைமருந்து அடித்தது, தொடவே வேண்டாம். 'எச்.டி.' என்றால் சூடேற்றியது. ஆனாலும் அதைத் தேய்த்து முடிப்பதற்குள் கை போய்விடும்.

அட்டைச் செங்கலுக்கு ஒரு லிட்டர் பால் பெட்டி இரண்டு. மேல்பக்கத்தை வெட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை, இனிப்பு ஒட்டியிருந்தால் எறும்பு. ஒன்றில் நாளிதழைக் கசக்கித் திணித்து, மற்றதன் நான்கு மூலையிலும் இரண்டு செ.மீ. கீறிவிட்டுத் தொப்பி போல மாட்டுங்கள். மூட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப். திணிப்பு தளர்வாக இருந்தால் ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் சப்பையாகிவிடும், கையால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். முப்பது செங்கலுக்கு அறுபது பெட்டி. மூன்று வாரத்துக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

தரையில் பஞ்சுப் புதிர்ப்பாய் விரித்திருந்தால் கட்டை மூலையில் மட்டும் எடுத்துவிடுங்கள். அது அமுங்கும், மூன்றாவது கட்டையிலேயே கோபுரம் சாயும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று விட்டுவிடும். வெறும் டைல்ஸில் சத்தம் தாங்காது. மெல்லிய, இழை குட்டையான கம்பளம் சரியாக இருக்கும்.

இடிப்பதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள். அட்டைச் செங்கல் மூலையில் பெரியவர் ஒருவர் அடுக்குவார், பிள்ளைகள் இடிக்கட்டும். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும். மரக்கட்டை மூலையில் கட்டியவர்தான் இடிக்கலாம். இந்த இரண்டு விதியையும் வாயால் சொல்வதைவிட, இரண்டு இடத்தையும் அறையின் எதிரெதிர்ப் பக்கத்தில் வைப்பது பலன் தரும்.

பிரிக்பீல்ட்ஸ் நர்ஸ்

டயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்பக்கக் குழியில் மழைத்தண்ணீர் நின்றால் நம் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும். கவிழ்த்து ஊற்றினால் போதும் என்பார்கள். முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழையில் பொரியும். ஓட்டை போடுவதென்றாலும் எல்லாப் பக்கமும் போட வேண்டும். தேய்ந்த டயரில் இரும்புக் கம்பி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுகாதார இலாகா வந்து கொசுப்புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் தாஸ்காவுக்கு, டயர் கொடுத்தவருக்கு இல்லை.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைக்கான சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் கொடுக்கக்கூடாது. தாஸ்காவில் அந்தக் குழாய் இருக்காது. டிஸ்யூ ரோலின் அட்டைக்குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் இன்னும் பாதுகாப்பு; அதற்குள் நுழைந்தால் எடுத்துவிடுங்கள். வண்டியைச் சோதிக்கும்போது சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மலிவான காரில் சக்கரத்தின் ரப்பர் வளையம் கழன்று வரும், மூச்சுக்குழாயை அடைக்கத் தோதான அளவு. சத்தம் போடும், விளக்கு எரியும் வண்டிகளில் பட்டன் பேட்டரி இருக்கும். மூடியில் திருகாணி இல்லாவிட்டால் அந்தப் பொம்மை உள்ளே வரவே கூடாது. பேட்டரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே புண்ணாகிவிடும்.

சரளைக்கல்லுக்குப் பதிலாகப் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை வைக்கும் பழக்கம் இருக்கிறது. மூக்கிலும் காதிலும் போகும், ஈரம் பட்டு ஊதும். விடுங்கள்.

மஞ்சள் ஹெல்மெட் அழகுதான். தாடைப் பட்டியை வெட்டி எறிந்துவிடுங்கள். ஏதாவது ஒன்றில் ஏறும்போது தலை உள்ளே போய் ஹெல்மெட் மாட்டினால் கழுத்தில் தொங்கும். இழுக்கும் கயிறும் அப்படியே. 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம், சுருக்கு முடிச்சு வேண்டாம், விளையாடி முடிந்ததும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தைப்பூசம் முடிந்த வாரங்களில் ரதம் இழுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். நீளமான கயிற்றுக்குப் பதில் பெட்டியின் முன்பக்கம் அகலமான துணிப்பட்டையைக் கைப்பிடியாகத் தைத்துக் கொடுங்கள்.

கை கால் வாய்ப்புண் பரவும் காலத்தில் பிளாஸ்டிக் வண்டிகளை முதலில் சோப்பில் கழுவ வேண்டும். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்), 5 விழுக்காடு என்று போட்டிருப்பது. அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைக்கவும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அழுக்கோடு போட்டால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். கைக்கு ஜெல் தேய்த்து நம்பி இருக்காதீர்கள், இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் அவ்வளவாக உறைக்காது; சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். அறையில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அட்டைச் செங்கல், அட்டைப்பெட்டி எல்லாம் குப்பைக்கு.

மணல், என்னைக் கேட்டால், இரண்டு வயதுக்கு மேல்தான்.

ஆயர் ஈத்தாம்

நர்ஸ் சொன்னதில் மணலில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு வாய் மணலைத் தின்று பார்த்துத் துப்பும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பிரச்சினை மணலில் இல்லை, எங்கிருந்து வந்த மணல், இரவில் யார் வந்து போனது என்பதில். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலை அள்ளி வராதீர்கள், சிமெண்டுத் தூள் கலந்திருக்கும். கழுவிச் சலித்த விளையாட்டு மணலை வாங்குங்கள். மாலையில் இறுக்கமான மூடி. திறந்து கிடந்தால் பூனைக்கு அது கழிப்பறை.

60க்கு 40 செ.மீ. தட்டில் எட்டு செ.மீ. உயரத்துக்கு 19 லிட்டர் மணல் பிடிக்கும், எடை 30 கிலோ அளவு. தட்டுக்கு இரண்டு பிள்ளைகள், உங்களுக்கு இரண்டு தட்டு. எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று தெளித்துக் கிளறினால், அதாவது தட்டுக்குச் சுமார் 2.4 லிட்டர், தூசி பறக்காது, லோரியில் அள்ளிக் கொட்டும்போது குவியலாக நிற்கும். காய்ந்த மணல்தான் கண்ணில் போகும். ஈரத்தோடு மூடி வைத்தால் மூன்றாம் நாள் வாடை வரும், வெள்ளிக்கிழமை தார்ப்பாயில் பரப்பிக் காயப்போடுங்கள். காலை சிற்றுண்டி முடிந்த பிறகு திறங்கள். பசி நேரத்தில் எதுவும் வாய்க்குத்தான் போகும்.

எதைக் கொடுத்தாலும் விழுங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு மாற்று. ஒன்று, எட்டுக் கப் அரிசி மாவுக்கு ஒரு கப் சமையல் எண்ணெய். மாவைப் புட்டுக்கு வறுப்பதுபோல் வெறும் சட்டியில் வறுத்து ஆறவிட்டுப் பிசையுங்கள். பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். கடலை எண்ணெய் வேண்டாம், ஒவ்வாமை. இது தரையில் சிந்தினால் டைல்ஸ் எண்ணெய்ச் சறுக்கு ஆகிவிடும், ஓரம் வரை தார்ப்பாய் விரிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது 'சிமெண்டு': இரண்டு கப் சோள மாவு (கார்ன்ஃப்ளவர்), ஒரு கப் தண்ணீர். அழுத்தினால் கெட்டி, விட்டால் வழியும். சிமெண்டு லோரிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. அன்றே எடுத்துவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.

கார் கழுவும் மூலையும் ஒன்று வையுங்கள், போர்ச்சில், காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள். பேசினில் ஐந்து செ.மீ. தண்ணீர், ஒரு துளி குழந்தை ஷாம்பு. ஸ்பாஞ்சைக் கடித்துத் துண்டாக்கும், சின்னக் கைத்துண்டு கொடுங்கள். பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் அடித்தால் முதலில் பேசினைக் கவிழ்த்துவிட்டு எடுங்கள்.

செந்தூல் மலர்

எல்லாருக்கும் நன்றி. டயரை மறுத்துவிட்டோம். பெட்டி சேர்க்க ஆரம்பித்தாயிற்று.

இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறான், ஓட்டுவதே இல்லை. கவலைப்பட வேண்டுமா? இன்னொன்று, தரையில் சாலை போடலாம் என்று இருக்கிறேன். எந்த டேப்?

பட்டர்வொர்த் அக்கா

சக்கரம் சுற்றுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சுழல்வது எதுவானாலும் சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூடி திருகுவது, மத்து உருட்டுவது, மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பது எல்லாம் அந்த ரகம். அவனுக்குச் சுற்றுவதற்கென்றே சாமான் கொடுங்கள். திருகு மூடி போத்தல்கள், சாயம் தோய்த்து உருட்டப் பெயிண்ட் ரோலர், கைப்பிடி சுற்றினால் வாளி ஏறும் கிரேன்.

பார்க்க வேண்டியது மற்றவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, தான் பார்த்ததை உங்களுக்கும் காட்ட இழுக்கிறானா, இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா, நீங்கள் பக்கத்தில் இன்னொரு வண்டியைச் சுற்றினால் ஏறிட்டுப் பார்க்கிறானா. இவை இருந்தால் நிம்மதியாக விடுங்கள். பலவும் இல்லை என்றால், கண்ட தேதியோடு குறித்துவைத்துப் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம், நோயின் பெயரும் உங்கள் வாயில் வர வேண்டாம். 18 மாதத்தில் கேட்கும் எம்-சாட் (ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனை) கேள்விகள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல்லலாம்.

மரக்கட்டை

சாலைக்கு மாஸ்கிங் டேப். வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைப் போடாதீர்கள். நம் புழுக்கத்தில் பசை இளகி ஓரம் நகரும், பிள்ளை நுனியைப் பிடித்து உரித்து வாயில் போடும். இரண்டு கோட்டுக்கு நடுவில் 20 செ.மீ. விடுங்கள், நீங்கள் வாங்கும் டிப்பர் தாராளமாகப் போகும். வளைவு வேண்டாம், டேப் சுருங்கித் தூக்கும்; நேர்கோடுகளை வெட்டி ஒட்டினால் போதும். சாலையின் ஒரு முனை கட்டை மூலையிலும் மறுமுனை காலித் தொட்டியிலும் முடியட்டும், இல்லாவிட்டால் ஓட்டிப்போக ஒரு காரணம் இருக்காது.

மூன்று நாளுக்கு மேல் தரையில் விட்டால் கறை பிடிக்கும். பிடித்துவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். இதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள், தரை வழுக்கும்.